மனைவியும் வருகையாளரா?

தோட்டத்து ஆபீசில் நம் மேஜையின் வலப்புற இழுப்பறையில் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. செக்ரோலும் சம்பளப் பட்டியலும் கம்ப்யூட்டருக்குள் போய் வெகு காலமாயிற்று. ஆயினும் இந்தப் புத்தகத்தை மாத்திரம் நாம் இன்றளவும் கையால் எழுதி வருகிறோம். குலை வெட்டவும் உரம் போடவும் நம் தோட்டத்துக்கு வந்துள்ள இந்தோனேஷியத் தொழிலாளர், வங்காள தேசத் தொழிலாளர் ஆகியோரின் பெயர், பாஸ்போர்ட்டு எண், அனுமதி முடியும் தேதி ஆகியவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தேதி நெருங்கினால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்போம். அந்தக் கோடு தவறினால் ஒரு மனிதனின் பிழைப்புத் தவறும் என்பதை அறிந்தே அவ்வேலையைச் செய்து வருகிறோம்.

2018-ம் வருஷத்தில் ஒரு மாலை, பிரட்டுக் கணக்கு முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்தப் புத்தகத்தின் கடைசி வரியில் பென்சிலால் இன்னொரு பெயரையும் எழுதினோம். அது நம் துணைவியாரின் பெயர். மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் எழுதியதேயன்றி வேறொன்றுமில்லை. மறுநாள் காலை அதைப் பார்த்தபோது, கட்டிய மனைவியைக் கூலி ஆட்களின் பேரேட்டில் சேர்த்திருக்கிறோமே என்று வெட்கம் உண்டாயிற்று. உடனே ரப்பரை எடுத்து அழித்தோம். அழித்த பிறகு இன்னொரு வெட்கமும் உண்டாயிற்று. அந்தப் பேரேட்டில் இருப்பது இழிவென்றால், அதிலுள்ள நாற்பது பேரையும் நாம் இத்தனை நாளாய் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தோம்? அக்கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை.

உண்மையில் சட்டம் அவ்விருவகையாரையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறது. 1963-ம் வருஷத்துக் குடிநுழைவு விதிகளின்படி கூலிக்கு வருகிறவருக்குக் கொடுப்பதும் வருகை அனுமதி. குடிமகனின் மனைவிக்குக் கொடுப்பதும் வருகை அனுமதி. முன்னதற்குத் தற்காலிக வேலை என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். பின்னதற்கு நீண்டகாலச் சமூக வருகை என்று தலைப்பாகை கட்டியிருக்கும். மலாய் மொழியில் ‘லாவாத்தான்’ என்கிறார்கள். வந்து, பார்த்து, திரும்பிப் போவது என்று பொருள். சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்று, மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டு, நம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழும் பெண் எதைப் பார்க்க வந்தார்? எப்போது திரும்பிப் போகப் போகிறார்?

நாம் ஆங்கிலத்தில் படித்தவர். நம் தகப்பனார் தோட்டத்தில் கண்டக்டராக இருந்து, தம் சம்பளத்தில் பாதியை நம்மைப் பட்டணத்துத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதிலேயே செலவிட்டார். சட்டப் புத்தகத்தை எடுத்தால் புரட்டிப் படிக்கும் துணிவு அதனால் வந்தது. அந்தத் துணிவால் விளைந்த பயன் என்னவென்று கேட்டால், மற்றவர்கள் தெரியாமல் துன்பப்படுகிறார்கள், நாம் தெரிந்து துன்பப்படுகிறோம், அவ்வளவே.

துணைவியார் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்தவர். பி.எஸ்ஸியும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர். நண்பர் ஒருவரின் மூலமாகப் பழக்கமாகி, 2017-ம் வருஷத்தில் அவருடைய ஊரிலேயே திருமணம் நடைபெற்றது. புரோகிதரும் இல்லை, ஓமமும் இல்லை. வரதட்சிணை என்ற பேச்சும் இல்லை. இப்படிப்பட்ட திருமணங்கள் செல்லும் என்று 1967-ல் அண்ணாதுரையின் மந்திரி சபை சட்டம் செய்து வைத்ததும், 2009-ல் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும் நமக்கு அனுகூலமாயின. பதிவுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, சீர்திருத்தவாதி என்ற பெருமிதத்தோடு விமானம் ஏறினோம்.

மலேசியாவில் 1976-ம் வருஷத் திருமணச் சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் மணம் செய்துகொண்ட குடிமகன் அதை ஆறு மாதத்துக்குள் நம் நாட்டுப் பதிவதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் 31-வது பிரிவு. நம் அன்பர்களில் பலர் இதை அறியாமல், ஊரில் தாலி கட்டியதோடு எல்லாம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து மனைவிக்குப் பாஸ் கேட்கப் போகும்போதுதான் திகைக்கிறார்கள். தோட்டங்களில் பெண் எடுக்கத் தமிழ்நாட்டுக்குப் போகும் இளைஞர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

நாம் பதிந்துவிட்டோம். ஆகவே அலுவலகத்தில் தடையிராது என்று நம்பினோம். அது எந்த ஊர் அலுவலகம் என்பது இங்கே வேண்டியதில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, வாசல் திறக்குமுன் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி உட்கார்ந்தால் பிற்பகலில்தான் கூப்பிடுவார்கள். உள்ளே இருந்த பெண் உத்தியோகஸ்தர் மரியாதையாகவே பேசினார். கலியாணப் படங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துவிட்டு, “பூசாரி எங்கே, நெருப்பு எங்கே?” என்று கேட்டார். மேடையில் நான்கு பேர் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசுவதைப் பார்த்து, இது ஏதோ பொதுக்கூட்டம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். பாவம், அவர் மேல் குற்றமில்லை. பிறகு நம்மைத் தனியாகவும் துணைவியாரைத் தனியாகவும் அழைத்து விசாரித்தார்கள். மாமியார் பெயர் என்ன, வீட்டில் எத்தனை அறை, கணவர் காலையில் என்ன சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்டார்கள். பசியாறப் போகும்போது துணைவியார் சொன்னார்: “ஏங்க, நீங்கள் ரொட்டி சாப்பிடுகிறவர் என்று சொல்லிவிட்டேன். நேற்றைக்கு மட்டும்தானே இட்டிலி சாப்பிட்டீர்கள்?” நாமோ உள்ளே இட்டிலி என்று சொல்லியிருந்தோம். இரண்டு நாள் தூக்கமில்லை.

முதலில் கிடைத்தது ஆறு மாதப் பாஸ். பின்பு ஒரு வருஷம். அதிலே வேலை செய்யலாகாது என்று முத்திரை. வேலை செய்ய வேண்டுமானால் அதற்குத் தனியாக எழுதி அனுமதி பெற வேண்டும். ஒரு வருஷப் பாஸை வைத்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்? நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் பெற்றோர் தவித்துக்கொண்டிருக்க, அதற்கென்றே படித்த ஒருவர் நம் வீட்டு அடுப்படியில் இருந்தார். மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு காசும் வாங்காமல் பாடம் சொல்வார். அப்படியும் வாசலில் புதிதாக மோட்டார் வண்டி ஏதேனும் வந்து நின்றால் கரும்பலகையைத் திருப்பி வைத்துவிடுவார்.

இந்தப் பாஸுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். மலாயில் ‘பெனாஜா’ என்பார்கள். கணவனே அந்தப் பொறுப்பாளர். அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டாலொழியப் பாஸ் புதுப்பிக்கப்பட மாட்டாது. அவன் வர மறுத்தால், அவள் வருகை முடிந்துவிடும். நல்ல கணவனுக்கு இதனால் ஒரு நாள் சம்பளம் நஷ்டம். கெட்ட கணவனுக்கு இது ஒரு சவுக்கு. நாம் எந்த வகை என்பதில் நமக்குச் சந்தேகமே இருந்ததில்லை, 2019-ம் வருஷத்து ஆகஸ்டு மாதம் வரையில்.

என்ன காரணத்துக்காகச் சண்டை வந்தது என்று சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள். நம் தாயாருக்கும் துணைவியாருக்கும் குழந்தையின் சளிக்கு என்ன மருந்து கொடுப்பதென்று பேச்சு வந்தது. தாயார் மூலிகைக் கஷாயம் என்றார். துணைவியார் டாக்டர் என்றார். நாம் ஆபீசிலிருந்து களைத்து வந்திருந்தோம். தாயாருக்காகப் பேசினோம். துணைவியார், “படித்தவர் பேசுகிற பேச்சா இது?” என்றார். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் நியாயம் இல்லை. நியாயம் இல்லாதவன் கையில் கிடைத்ததை எடுத்து எறிவான். “அடுத்த மாதம் கையெழுத்துப் போட யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

வரதட்சிணை வாங்காதவன், புரோகிதனை அழைக்காதவன், மேடையில் பெண்விடுதலை பேசியவன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. நம் பாட்டனார் காலத்தில் கங்காணி சொன்ன வார்த்தையும் அதுதான். “ஊருக்கு அனுப்பிவிடுவேன்” என்பான். அந்த அதிகாரத்தை நாம் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. சர்க்கார் ஒரு காகிதத்தில் வைத்து நம் கையில் கொடுத்தது. ஆயினும் கையில் கொடுத்ததை ஓங்கியது நாம். அடுத்த மாதம் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம். மன்னிப்பும் கேட்டோம். அவரும் சரியென்றார். சொல் போய்விட்டதா என்றால், போகவில்லை. பின்னால் அது வந்தது.

நிற்க. பாட்டனாரைப் பற்றிச் சொன்னோம். அவரும் அவருடைய தமையனாரும் 1937-ல் கங்காணியோடு கப்பலில் வந்தார்கள். மறுவருஷம் 1938 ஜூனில், மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளை உதவிப்பணத்தோடு அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்திவிட்டது. வந்தது வந்ததுதான். தமையனார் கலியாணமானவர். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, பணம் சேர்ந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி வந்தவர். பணம் சேர்வதற்குள் யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்து மூச்சு விடுவதற்குள், 1952-ம் வருஷத்துக் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்து வாசலைக் குறுக்கிற்று. பின்பு 1959-ல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். 1954 டிசம்பருக்குப் பின் ஐந்து வருஷம் தொடர்ந்து கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு அத்திருத்தத்தால் உள்ளே வர வழியில்லாமற் போயிற்று. வறுமையால் பிரிந்திருந்தவர்களை, பிரிந்திருந்தீர்கள் என்பதற்காகவே பிரித்து வைத்த சட்டம் அது. பெரிய பாட்டனார் மனைவியின் முகத்தை 33 வருஷம் பார்க்கவில்லை. குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என்ற 1968-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களோடு அவரும் 1970-ல் கப்பலேறினார். ஊரில் இறங்கியபோது அவரை வரவேற்ற கிழவி யாரென்று அவருக்குத் தெரியவில்லையாம். இதை நம் வீட்டில் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். நாமும் சிறுவயதில் சிரித்திருக்கிறோம்.

நம் பாட்டியாரோ இந்த மண்ணிலேயே, லயத்திலே பிறந்தவர். பிறந்த சான்றிதழ் எடுக்க யாரும் போகவில்லை. ஆகவே சாகும் வரையில் அவரிடம் இருந்தது நிரந்தரவாசியின் சிவப்பு அடையாள அட்டை. பேரப்பிள்ளைகள் எல்லோரிடமும் நீல அட்டை. தேர்தல் நாளில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். 2009-ல் அவர் இறந்தபோது அந்தச் சிவப்பு அட்டையைக் கண்டு நம் தகப்பனார் கண் கலங்கினார். இன்று அதே வீட்டில் வந்து வாழும் மருமகள், அதே சிவப்பு அட்டை என்றைக்குக் கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

2020 பிப்ரவரியில் துணைவியாரின் தாயாருக்கு வாதம் கண்டு ஒரு பக்கம் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்று வாரத்தில் திரும்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மகளுக்கு அப்பொழுது ஒன்றரை வயது. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதா, குழந்தையைப் பார்ப்பதா என்று, அவளை நம் தாயாரிடம் விட்டுச் சென்றார். மார்ச்சு 18-ம் தேதி மலேசியா தன் எல்லையை மூடிற்று. அந்த மாதக் கடைசியில் இந்தியாவும் விமானங்களை நிறுத்திற்று. மூன்று வாரம் மூன்று மாதமாயிற்று. நம் நாட்டுக் குடிமக்கள் திரும்பி வரலாம் என்றார்கள். குடிமகனின் மனைவியோ குடிமகள் அல்லர், வருகையாளர். கொள்ளை நோய்க் காலத்தில் வருகையாளர் எதற்கு?

பாஸ் அந்த வருஷம் செப்டம்பரில் முடிகிறது. அவர் வெளியில் இருக்கும்போது அதைப் புதுப்பிப்பது எப்படி என்று நாம் அலுவலகத்துக்கு எழுதினோம், தொலைபேசியில் கேட்டோம், வேறொரு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள், அங்கே முதல் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். சிறப்பு அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கையிலேயே, இந்தியா, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாட்டாரில் நீண்டகாலப் பாஸ் உள்ளவர்கள் செப்டம்பர் 7-ம் தேதி முதல் உள்ளே வரலாகாது என்று உத்தரவு பிறந்தது. குடிமக்களின் மனைவியரும் கணவர்மாரும் அதில் அடங்குவரா, மாட்டாரா என்பது யாருக்கும் விளங்கவில்லை. பிற்பாடு அவர்களுக்கு மாத்திரம் தளர்த்தினார்கள்.

அப்படித் தளர்த்திய செய்தி வந்த இரவு, பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, துணைவியாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கையெழுத்துப் போட மனம் வந்துவிட்டதா?” என்றார். குரலில் கோபம் இல்லை. கேலிகூட இல்லை. ஏழு மாதம் அந்நிய ஊரில் இருப்பவரைப் போலத் தாய்வீட்டில் இருந்தவர், இரவுகளில் அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறார்: இந்தத் தாமதம் சட்டத்தால் வந்ததா, கணவனால் வந்ததா என்று. நாம் அனுப்பிய விண்ணப்பங்கள், ரசீதுகள், கடிதங்கள் யாவற்றையும் அன்றிரவே படம் பிடித்து அவருக்கு அனுப்பினோம். கட்டிய மனைவிக்கு நம் யோக்கியதையை நிரூபிக்க ஆதாரம் காட்ட வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் நம் திருமணத்தை நிரூபிக்கக் காட்டிய ஆதாரங்களைவிட அவை அதிகம்.

டிசம்பரில் திருச்சியிலிருந்து வந்தார். தனிமைப்படுத்தும் நாட்கள் முடிந்து, தோட்டத்து வாசலில் வண்டியை விட்டு இறங்கினார். மகளுக்கு இரண்டரை வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் தினந்தோறும் பார்த்த முகந்தான். ஆனால் அந்த முகம் கண்ணாடிக்கு வெளியே வந்து கை நீட்டியதும், குழந்தை ஓடி நம் தாயாரின் புடவைக்குள் ஒளிந்துகொண்டு “அம்மா” என்று கத்திற்று. நம் தாயாரைத்தான் அவ்வாறு அழைத்தது. நம் தாயார், “அத்தை இல்லாத வேளையில் பிள்ளைக்கு வாய் பழகிவிட்டது, நீ மனத்தில் வைத்துக்கொள்ளாதே அம்மா” என்று மருமகளுக்குச் சொல்ல வந்து, தம்மையே அத்தை என்று சொல்லிக்கொண்டு, வார்த்தை குழறி நின்றார். கஷாயச் சண்டை அன்றோடு ஒழிந்தது. இந்த ஒரு நன்மைக்கு மாத்திரம் அந்த உத்தரவுக்கு நன்றி சொல்லலாம் போலும்.

நிரந்தரவாசம் கேட்க வேண்டுமானால் மனைவியானவர் ஐந்து வருஷம் தொடர்ந்து இந்நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் 2018-லிருந்து எண்ணி 2023-ல் விண்ணப்பம் கொடுக்கப் போனோம். அங்கே இருந்தவர் பாஸ்போர்ட்டைப் புரட்டி, 2020-ல் பத்து மாதம் வெளியே இருந்திருக்கிறாரே என்றார். கொள்ளை நோய் என்றோம். ஆமாம் என்றார். எல்லையை மூடியது நீங்கள் என்றோம். அதற்கும் ஆமாம் என்றார். ஆயினும் தொடர்ச்சி அற்றுவிட்டதாம். 2020 டிசம்பரிலிருந்து எண்ணி வரச் சொன்னார். பெரிய பாட்டனாரின் மனைவிக்கும் ஐந்து வருஷந்தான் கணக்கு என்பது அப்பொழுது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஐந்து வருஷம் பிரிந்திருந்ததால் உள்ளே விடவில்லை. இன்றைக்கு ஐந்து வருஷம் பிரியாமல் இருந்தால்தான் இருக்கவிடுகிறார்கள்.

அதே 2023-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி தொட்டு, இந்தியர்கள் விஸா இல்லாமலே வந்து 30 நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று நம் சர்க்கார் சலுகை அளித்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர் நாட்டுக்குப் பணம் கொண்டுவருகிறார், நல்லது, வரட்டும். துணைவியார் செய்தித்தாளைப் படித்துவிட்டு, “பேசாமல் என்னையும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் என்று எழுதிவிடுங்கள்” என்றார்.

இது நம் நாட்டின் தனிக்குறை என்று எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரில் குடிமகனின் மனைவிக்கு நீண்டகால வருகைப் பாஸ் கொடுக்கிறார்கள். அங்கும் பெயர் வருகைதான். 2012 முதல் அதைவிடச் சற்று மேலான ஒரு பாஸும் உண்டு. அது கிடைத்தவர்க்கு வேலைக்குப் போவது எளிது, ஆஸ்பத்திரிச் செலவிலும் சலுகை உண்டு. 2015 முதல், மணம் செய்துகொள்ளுமுன்பே, இந்தப் பெண்ணை மணந்தால் பாஸ் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். காதலுக்கு முன் சர்க்காரிடம் ஜாதகம் பார்ப்பது போல இருக்கிறதே என்று பரிகசிக்கத் தோன்றும். ஆனால் மணந்த பிறகு மூடிய கதவைத் தட்டுவதைக் காட்டிலும் அது மேல் என்பதே நம் எண்ணம்.

நம் சிற்றன்னையின் மகள் ஒருத்தி கனடாவில் குடியேறிய யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரை மணந்தாள். கணவர் அவளுக்கு நிரந்தரவாசம் கேட்டு எழுதிவிட்டார். அது வரும் வரையில் பார்த்துவிட்டு வரலாமென்று அவள் வருகையாளர் விஸாவுக்கு எழுதினாள். நிராகரித்துவிட்டார்கள். அங்கே 2001-ம் வருஷச் சட்டம் ஒரு விசித்திரம். நிரந்தரமாய்க் குடியேற எண்ணம் இருப்பது ஒன்றே தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது என்று தாராளமாய்ச் சொல்லிவிட்டு, ஆயினும் காலம் முடிந்தால் வெளியேறுவாள் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்று முடிக்கிறது. ஆகவே அந்தப் பெண் ஒரு கையால், கணவரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று எழுத வேண்டும். மறு கையால், குறித்த நாளில் பிரிந்துவிடுவேன் என்று எழுத வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். 2023-ல் அந்நாட்டு மந்திரி இத்தகைய மனைவியர், கணவர்மாரின் விஸாக்களை விரைந்து பார்ப்பதாகவும், உள்ளே வந்து காத்திருப்பவர்க்கு வேலை அனுமதி அளிப்பதாகவும் அறிவித்தார். அவளும் மறுபடி எழுதிப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இப்பொழுது வேலை செய்கிறாள். நம் வீட்டு ஆசிரியை இங்கே கரும்பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்.

போலித் திருமணங்கள் நடப்பதை நாம் மறுக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் கணவர்களை நாமே அறிவோம்; பட்டணத்துக் காப்பிக் கடைகளில் அவர்களுக்குத் தரகர்களும் உண்டு. விசாரிக்கட்டும். இட்டிலியா ரொட்டியா என்றுகூடக் கேட்கட்டும். ஆனால் ஒரு முறை விசாரித்து உண்மையென்று கண்ட பிறகு, பிள்ளையும் பிறந்த பிறகு, அந்தப் பாஸைக் கணவன் கையில் கொடுக்காமல் மனைவி கையிலேயே கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அவரே வந்து, அவரே கையெழுத்திட்டு, அவரே புதுப்பித்துக்கொள்ளட்டும். வேலை செய்யலாகாது என்ற முத்திரையை எடுத்துவிடட்டும். கணவன் இறந்தாலும் துரத்தினாலும் அவர் போய் நிற்க வேண்டிய வாசல் வேறொரு வாசலாக இல்லாமல், அதே வாசலாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ஆண்மகனாகப் பிறந்ததால் நமக்கு இந்த வழியாவது உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 15-வது விதி, குடிமகனை மணந்த அந்நிய நாட்டு மனைவிக்குக் குடியுரிமை கேட்க ஒரு தனி வழி வைத்திருக்கிறது. குடிமகளை மணந்த அந்நிய நாட்டுக் கணவனுக்கு அந்த வழி இல்லை. அவன் ஊரார் எல்லோரோடும் பொது வரிசையில் நிற்க வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் நம் தாய்மார்க்கு வெகு நாள் கழித்து நீதி செய்தது. அவர்களுடைய கணவர்மாரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. நம் பக்கத்துத் தோட்டத்து நர்ஸ் ஒருவர் தூத்துக்குடிக்காரரை மணந்திருக்கிறார். வருஷந்தோறும் அவர்தாம் லீவு போட்டுவிட்டுக் கணவருக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். “கோபம் வந்தால் சொல்லிக் காட்டுவீர்களா?” என்று ஒரு நாள் கேட்டோம். “வாய் வரைக்கும் வரும், கிராணியாரே” என்றார்.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ரசீது அலமாரியில், பாட்டியாரின் பழைய தகரப் பெட்டியில் இருக்கிறது. பேட்டிக்கு வரச் சொல்லும் கடிதம் இன்னும் வரவில்லை. எத்தனை வருஷமாகும் என்று யாரும் சொல்வதில்லை. கேட்டால், காத்திருக்கச் சொல்கிறார்கள். அது வரையில் பாஸ் புதுப்பிக்க வேண்டும். தேதியை இப்பொழுது பேரேட்டில் எழுதுவதில்லை. துணைவியார் தாமே சமையலறை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அருகில் அந்த நாற்பது பேரில் மூவருடைய தேதிகளும் இருக்கின்றன. கிராணி மறந்தாலும் மறப்பார் என்று அவர்கள் வந்து அவரிடம் எழுதிவைத்துப் போகிறார்களாம்.

இதை எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டினோம். நாம் சொன்ன அந்த வார்த்தையைப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, “போடுங்கள். ஆனால் நான் அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மாற்றுங்கள். நான் அழவில்லை. மாவு பொங்கிவிட்டதே என்று திரும்பினேன்” என்றார். நாம் கண்டதைத்தான் எழுதினோம். ஆகவே அதை மாற்றவில்லை. அவர் சொன்னதையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.